அப்பாயி போட்ட முதல் ரவிக்கை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல எங்க அப்பாயியோட, அதாவது அப்பாவப் பெத்த அம்மாவோட, தகரப் பெட்டியத் திறந்த கதைய எழுதியிருந்தேன். அதுல இருந்தது ஒரு எட்டு கெஜம் சேலை, நாலஞ்சு ஓட்டைக் காலணா, படிக்கத் தெரியாமலே அவங்க பத்திரமா வச்சிருந்த போஸ்ட் கார்டு ஒரு கட்டு, அவ்வளவுதான். அதைப் படிச்சிட்டு நீங்க அனுப்பின கேள்விங்க மேஜை முழுக்க ரொம்பிக் கெடக்குது. அப்பாயி 1912 வாக்குல பொறந்தவங்க, சேலம் அம்மாப்பேட்டையில தறிக்கார வீடு, 1994ல போய்ச் சேந்தாங்க. அதனால இந்த நூறு வருஷக் கதையில பாதி அவங்க வாயால வந்தது, மீதி நானே பாத்தது, வருஷம் தேதி மட்டும் புஸ்தகத்துல சரி பாத்துக்கிட்டேன். எல்லாத்துக்கும் பதில் போட எடம் இல்ல, விட்டுப் போனவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: கல்யாணமாகி 4 மாசம் ஆகுதும்மா. வீட்டுல சுடிதார் போட்டா மாமியார் "சேலைதான் நம்ம பாரம்பரியம், நூறு வருஷமா எங்க வீட்டுப் பொம்பளைங்க இப்படித்தான் இருந்தாங்க"ங்கறாங்க. என்ன பதில் சொல்றது? (அழகாபுரம் வாசகி)

பதில்: பதில் எதுவும் சொல்லாத கண்ணு, ஒரே ஒரு கேள்வி கேளு. "அத்தை, உங்க அப்பாயி ரவிக்கை போட்டிருந்தாங்களா?"

எங்க அப்பாயி கல்யாணமாகி வர்றப்ப ரவிக்கை போடல, அவங்க மாமியார்க்காரம்மாவோ தான் சாகற வரைக்கும் அந்தத் துணியத் தொடவே இல்ல. முந்தானையையே மார்ல இறுக்கிச் சுத்தி இடுப்புல செருகிக்கிறது, பின்னாடி கொசுவம், அதுக்குத்தான் எட்டு கெஜம் வேணும், நம்ம தறியிலயும் அந்த நீளத்துக்குத்தான் நெய்வாங்க. 1930 சுமாருக்கு அப்பாயி திருச்செங்கோட்டுத் தேருக்குப் போறப்ப ஆசைப்பட்டு ஒரு ரவிக்கை தெச்சுப் போட்டிருக்காங்க, தெச்சது டவுன்ல ஒரு டெய்லர், அவருக்கே அளவு எடுக்கக் கூச்சமாம், பக்கத்து வீட்டு அக்கா நூல் வச்சு அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்காங்க. தேரு பாத்துட்டு வந்தப்புறம் மாமியார்க்காரம்மா "நாடகக்காரி மாதிரி இருக்கற"ன்னு சொல்லிட்டு 3 நாள் பேசலையாம். அதே அப்பாயிதான் 1976ல நான் சேலைய முன்கொசுவம் வச்சுக் கட்டிக்கிட்டு வேலைக்குக் கெளம்பினப்ப "இதென்ன கட்டு, சினிமாக்காரி மாதிரி"ன்னு சொன்னாங்க! எனக்கு சிரிப்பு அடக்க முடியல.

எட்டு கெஜம் ஆறு கெஜமானது, கொசுவம் பின்னாடியிருந்து முன்னாடி வந்தது, ரவிக்கை வந்தது, உள்பாவாடை வந்தது, இதெல்லாம் சேந்துதான் இன்னைக்கு உங்க மாமியார் பாரம்பரியம்னு சொல்ற சேலை. அதுக்கு வயசு எங்க வீட்டுல நூறு கூட ஆகல. இன்னொண்ணும் இருக்கு, இத நீயா கேக்காத, நான் கேட்டதா இருக்கட்டும், காலைல பால் வாங்க அவங்க வாசலுக்கு வர்றப்ப நைட்டி மேல ஒரு துண்டு போட்டுக்கிட்டுத்தான வர்றாங்க?

உங்க வீட்டுக்காரரையும் விடாத. அவரோட கொள்ளுத் தாத்தா குடுமி வச்சு காதுல கடுக்கன் போட்டிருப்பாரு. எங்க தாத்தா கிராப்பு வெட்டிக்கிட்டு வந்தப்ப அவங்கப்பா வாசப்படி ஏறவே விடலையாம். அவரு குடுமி வைக்கட்டும், நீ சேலை கட்டிக்க, கணக்கு சரியாப் போயிரும்.

கேள்வி: எங்க தாத்தா பாட்டி காலத்துல எழுந்ததும் பித்தளை டபராவுல ஃபில்டர் காபி. இப்ப பேரப் பசங்க பாட்டில்ல என்னென்னமோ குடிக்குதுங்க. ஏற்காடு பக்கத்துலயே இருக்கறதால சேலத்துக்கு காபிப் பழக்கம் ரொம்பப் பழசுதானே? (ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், கன்னங்குறிச்சி)

பதில்: சார், செடி பழசு, பழக்கம் புதுசு. சேர்வராயன் மலையில காபிச் செடி வந்தது 1820கள்ல, அப்ப சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை கொண்டாந்து வச்சது. அதுல இருந்து நூறு வருஷம் மேல வெளைஞ்சு, மூட்டை மூட்டையா மலையிறங்கி, கப்பலேறிப் போயிக்கிட்டே இருந்துச்சு, அடிவாரத்துல இருந்த நம்ம சனம் விடிஞ்சா குடிச்சது பழைய சோத்து நீச்சத் தண்ணிதான். கொட்டை பொறுக்கப் போனவங்களுக்கே அது என்ன ருசின்னு தெரியாது.

டவுன்ல வக்கீலுங்க, குமாஸ்தா வீடுங்கள்லதான் மொதல்ல காபி நுழைஞ்சுது. அப்ப அதுக்கு வந்த எதிர்ப்பு இருக்கே, காபி உடம்பக் கெடுக்கும், பொம்பளைங்களக் கெடுக்கும், பழைய சோறு சாப்புட்ட சனம் சீக்காளி ஆயிருச்சுன்னு பத்திரிகைல எழுதித் தீத்தாங்க. இன்னைக்கு நீங்க பாட்டில் டிரிங்கத் திட்றீங்களே, ஒரு வார்த்த மாறாம அதே திட்டுதான்.

அப்புறம் உலக யுத்தம் வந்துச்சு, ஐரோப்பாவுக்குப் போற சந்தை அடைபட்டுப் போச்சு, கொட்டை இங்கயே தேங்கிப் போச்சு. அதை என்ன பண்றதுன்னு பாத்துத்தான் 1942ல காபி சட்டம், காபி போர்டு எல்லாம் வலுவா வந்து உள்நாட்டுலயே விக்க ஆரம்பிச்சாங்க. டீக்காரங்க அதுக்கு முன்னாடியே, 1930கள்லயே, ஊர் ஊராப் போயி சும்மாவே டீ போட்டுக் கொடுத்து பழக்கிக்கிட்டு இருந்தாங்க. எங்க வீட்டுக்குள்ள காபி வந்தது யுத்தம் முடிஞ்சப்புறம், அதுவும் ஆம்பளைங்களுக்கும் விருந்தாளிக்கும்தான். ஃபில்டரும் கெடையாது, கொட்டைய வறுத்து உரல்ல இடிச்சு கொதிக்கிற தண்ணில போட்டு துணில வடிகட்டி ஓமலூர் பக்கத்து வெல்லத்தப் போட்டுக் குடிக்கிறது. அடில நிக்கிற கசடுல மறுபடி தண்ணி ஊத்தி பொம்பளைங்க குடிப்பாங்க.

சோத்துக் கதையும் இதே மாதிரிதான். தினம் ராகிக் களி, கம்மஞ்சோறு, சாமைச் சோறு. "நெல்லுச் சோறு திங்கற வீடு"ன்னா அது வசதியான வீடுன்னு அர்த்தம், பொண்ணு கொடுக்கறப்ப அதை விசாரிப்பாங்க. இட்லி தீபாவளிக்கு. 1967 தேர்தல்ல ரூபாய்க்கு 3 படி லட்சியம், 1 படி நிச்சயம்னு அண்ணா சொன்னது ஏன் அப்படிப் பத்திக்கிச்சுன்னா, அரிசிங்கறது அப்பவும் பாதி சனத்துக்கு ஏக்கமாவே இருந்ததாலதான். இப்ப ரேஷன்ல சும்மாவே தர்றாங்க, அதை வாங்கிக் கோழிக்குப் போடறவங்களையும் நான் பாத்திருக்கேன், அதப் பத்தி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

கேள்வி: ஏற்காட்டுல இருக்கற மலையாளி மக்கள் கேரளாவுல இருந்து வந்தவங்களா பாட்டி? (8ஆம் வகுப்பு மாணவி, கோரிமேடு)

பதில்: இல்ல பாப்பா. மலையில இருக்கறவங்க, அதனால மலையாளி, பேசறது தமிழு. காஞ்சிபுரத்துல இருந்து வந்த 3 அண்ணன் தம்பிங்கதான் எங்க முன்னோருன்னு அவங்களுக்குள்ள ஒரு கதை உண்டு, பெரியண்ணன் சேர்வராயன்ல தங்கிட்டாரு, நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனாரு, சின்னண்ணன் கொல்லிமலைக்குப் போனாரு. மே மாசம் நம்ம ஆளுங்க ஏற்காட்டுக்குப் பூக்கண்காட்சி பாக்கப் போறப்ப அவங்க சேர்வராயன் கோயில் திருவிழாவும் நடக்கும், பாத்திருக்கியா? நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப மலையில இருந்து பலாப்பழத்தத் தலைல வச்சு நடந்தே எறக்கி வந்து கோரிமேட்டுல வித்துட்டு உப்பும் மண்ணெண்ணையும் வாங்கிக்கிட்டு நடந்தே ஏறிப் போவாங்க. இப்ப அவங்க பேரனுங்க 20 கொண்டை ஊசி வளைவுல பைக்ல வர்ற வேகத்தப் பாத்தா எனக்குத்தான் வயித்தக் கலக்குது.

கேள்வி: "காந்தி காலத்துல யாரும் குடிக்கல, இப்பதான் ஊரு கெட்டுப் போச்சு"ன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் போட்டு பெரிய சண்டை. நீங்க தீத்து வைங்க. (சூரமங்கலம் வாசகர்)

பதில்: யாருமே குடிக்கலன்னா எதுக்குங்க தடை போட்டாங்க? நாட்டுலயே முன்மாதிரியா மதுவிலக்கு வந்தது நம்ம சேலம் ஜில்லாவுலதான், 1937 அக்டோபர் 1. அப்ப ஜில்லான்னா இன்னைக்கு இருக்கற தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேத்து. ராஜாஜி சேலத்துல வக்கீல் தொழில் பண்ணவரு, 1917ல முனிசிபாலிடி சேர்மனா இருந்தவரு, திருச்செங்கோடு பக்கம் ஆசிரமம் போட்டு வருஷக் கணக்கா குடிக்கு எதிராப் பேசிக்கிட்டே இருந்தவரு, 1937ல ஆட்சிக்கு வந்ததும் சொந்த ஜில்லாவுலயே ஆரம்பிச்சுட்டாரு.

அப்பாயி சொல்வாங்க, அதுக்கு முன்னாடி சனிக்கிழமை கூலி வாங்கற நாள்ல தறிக்காரப் பொம்பளைங்க எல்லாம் கள்ளுக்கடைக்குப் போற வழில புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிப்பாங்களாம், புருஷன் வர்றதுக்குள்ள மடியில கைய விட்டு காசப் புடுங்கணும்னு. கடைய மூடின மொத சனிக்கிழமை தாத்தா நேரா வீட்டுக்கு வந்து என்ன பண்றதுன்னு தெரியாம திண்ணைல உக்காந்திருந்தாராம். அந்த மாசம்தான் அப்பாயிக்கு ஒரு வெள்ளி மெட்டி வந்துச்சு. அதனால ராஜாஜி பண்ண மத்த விஷயத்த யாரு என்ன சொன்னாலும் அப்பாயி முன்னாடி அவரத் திட்ட முடியாது.

இது பாதிக் கதை. மீதி என்னன்னா, கள் எறக்கின குடும்பங்க ஒரே நாள்ல பொழப்பில்லாம நின்னுச்சு. கொஞ்ச நாள்ல வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் காச்சறது காட்டுக்குள்ள ஆரம்பமாச்சு. அரசாங்கத்துக்கும் வருமானம் போச்சு, அந்த ஓட்டைய அடைக்க 1939ல விற்பனை வரின்னு ஒண்ணு கொண்டாந்தாங்க, இன்னைக்கு ஹோட்டல் பில்லுல ஜிஎஸ்டியப் பாத்து திட்றீங்களே, அதுக்குப் பாட்டன் அதுதான். 1948ல மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971ல எடுத்தாங்க, மறுபடி போட்டாங்க, மறுபடி எடுத்தாங்க, 1983ல டாஸ்மாக், 2003ல இருந்து கடையையும் அரசாங்கமே நடத்துது. இதுல கள்ளுக்கு மட்டும் 1987ல போட்ட தடை இன்னும் இருக்கு. கலர் பாட்டில் கவர்மெண்ட் கடையில கெடைக்குது, பனைமரத்துல இருந்து எறக்கினா போலீஸ் புடிக்குது. இதுல என்ன நியாயம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல, உங்க குரூப்ல யாருக்காவது வெளங்கினா எழுதுங்க.

கேள்வி: அந்தக் காலத்துல லவ் மேரேஜ் உண்டா? (பெயர் வேண்டாம், ஓமலூர்)

பதில்: உண்டு. ஊர்ல அதுக்கு "ஓடிப்போறது"ன்னு பேரு. உங்க பேரப் போடல, தைரியமா இருங்க.

கேள்வி: பொண்ணுக்கு 27 ஆச்சு, இன்னும் கல்யாணம் வேணாங்கறா. எங்க பரம்பரையில இப்படி ஒருத்தி இருந்ததே இல்ல. (செவ்வாய்ப்பேட்டை தாய்)

பதில்: உங்க பரம்பரையில 12 வயசுல கட்டிக் கொடுத்தவங்க நெறைய பேரு இருந்திருப்பாங்க, அதையும் சேத்து எண்ணுங்க. எங்க அப்பாயிக்கு 12. சாரதா சட்டம்னு 1929ல ஒண்ணு போட்டு பொண்ணுக்கு 14 ஆகணும்னு வச்சாங்க, 1930 ஏப்ரல் 1ல இருந்து அமல். அதுக்குள்ள முடிச்சிரணும்னு நாடு பூரா அவசர அவசரமா சின்னப் புள்ளைங்களுக்கு தாலி கட்டி வச்சாங்க, அப்பாயியோட தங்கச்சி அதுல ஒருத்தங்க, 8 வயசு, மணவறைலயே தூங்கிப் போச்சாம். 18 ஆனது 1978லதான், அதாவது எனக்கு 20 வயசு ஆனப்புறம்.

இன்னொரு கூத்து, அப்பாயி கல்யாணத்துல பரிசப் பணம் கொடுத்தது மாப்பிள்ளை வீடு. பொண்ணு தறிக்குத் தார் (குழல்ல நூல்) சுத்துவா, அறுந்த பாவு நூலப் புணைப்பா, வர்ற வீட்டுக்கு ரெண்டு கை கூடுது, அதனால அவங்கதான் கொடுக்கணும். என் கல்யாணத்துல எங்கப்பா 15 பவுன் போட்டாரு. நடுவுல இருந்த 50 வருஷத்துல இந்தத் தராசு எப்படித் தலைகீழாச்சுன்னு யோசிச்சா, ஆம்பளைக்கு மாசச் சம்பள வேலை வந்துச்சு, பொம்பள வேலைக்கு வீட்டுல மதிப்பு போச்சு, எனக்குத் தெரிஞ்சது அதுதான். உங்க பொண்ணு சம்பாதிக்கறா இல்ல? அவ பேரம் பேசட்டும், விடுங்க.

கேள்வி: பாஸ்போர்ட்டுக்கு சர்நேம் கேக்கறாங்க. எங்க கொள்ளுத் தாத்தா கிரயப் பத்திரத்துல பேருக்குப் பின்னாடி சாதி இருக்கு, எனக்கு முன்னாடி ஒரு 'கே' மட்டும். நடுவுல யாரு எடுத்தது? (பெங்களூரு வாசகர், சொந்த ஊர் ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: 1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் போடறத விடணும்னு சொன்னாங்க, அங்கேயே பல பேரு விட்டாங்க. அப்புறம் 1944 ஆகஸ்ட்ல நம்ம சேலத்துல நடந்த மாநாட்டுலதான் நீதிக்கட்சி திராவிடர் கழகமா ஆச்சு, வெள்ளக்காரன் கொடுத்த ராவ் பகதூர் மாதிரிப் பட்டங்களையும் தூக்கிப் போடுங்கன்னு தீர்மானம். பெரிய மனுஷங்களுக்கு அது ரொம்ப வலிச்சுது. ஆனா தெருவுல அது கொஞ்சங்கொஞ்சமா எறங்கி, எங்கப்பா தலைமுறையில பத்திரத்துல மட்டும் இருந்து, என் தலைமுறையில ஸ்கூல் சர்டிபிகேட்லயே காணாமப் போச்சு.

பேருங்களும் மாறுச்சு பாருங்க, அப்பாயி தலைமுறை பாவாயி, குப்பாயி, செல்லாயி, என் வகுப்புல தமிழ்ச்செல்வி மட்டும் 3 பேரு, இப்ப என் பேத்தி வகுப்புல இருக்கற பேரெல்லாம் நான் கூப்பிடறதுக்குள்ள பல்லு சுளுக்கிக்குது. சாதி, பேர்ல இருந்து போயிருச்சு தம்பி, மேட்ரிமோனி ஆப்புல மொத கட்டமே அதுதான். சர்நேம் கட்டத்துல உங்கப்பா பேரப் போடுங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

கேள்வி: கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை அந்தக் காலம் மாதிரி பக்தியா இல்ல, லைட்டும் டிஜேவும்தான்னு எங்க வீட்டுல பொலம்பறாங்க. நிஜமா? (குகைப் பகுதி வாசகர்)

பதில்: குகைக்காரரே இப்படிக் கேக்கலாமா? உங்க ஊரு வண்டி வேடிக்கை என்ன, மாட்டு வண்டில சாமி வேஷம் கட்டி நிப்பாங்க, அதான் வண்டி. இப்ப லாரி, சீரியல் செட்டு, ஜெனரேட்டர். அப்பாயி காலத்துல பெட்ரோமாக்ஸ் லைட்டு வந்தப்பவே "கண்ணக் கூசுது, சாமிக்கு ஆகாது"ன்னு சொன்ன ஆளுங்க இருந்தாங்களாம்.

ஆனா ஒண்ணு மாறித்தான் போச்சு, அதை யாரும் கேக்கறதில்ல. பயம். ஆடி மாசம் பூச்சாட்டு, அதாவது பண்டிகை ஆரம்பம்னா அப்ப அது வேடிக்கை இல்ல சாமி, பெரியம்மை. வீட்டுல ஒருத்தருக்கு வந்துட்டா வாசல்ல வேப்பிலை, அடுப்புல தாளிக்கக் கூடாது, வெளியாளு உள்ள வரக் கூடாது, மருந்துன்னு ஒண்ணும் கெடையாது. அப்பாயி பெத்தது 7, நின்னது 4. போன மூணுல ரெண்டு அம்மைல. ஒண்ணு பேரு வைக்கறதுக்கு முன்னாடியே. அம்மை குத்தறவங்க தெருவுக்கு வந்தா எங்க பெரியவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா, ஆத்தாளுக்குக் கோவம் வரும்னு புள்ளைங்கள, தறிக்காரங்க கால் வச்சு மிதிக்கத் தோண்டின தறிக்குழிக்குள்ள எறக்கி மேல பாயப் போட்டு மூடிருவாங்க. எங்கப்பாவ அப்படி ஒளிச்சு வச்சிருக்காங்க. அவரு அந்தக் குழிக்குள்ள இருமித் தொலைச்சதால மாட்டிக்கிட்டாரு, கையில பெரிய தழும்பு, அந்த இருமலாலதான் நான் பொறந்தேன்னு சொல்வாரு.

இந்தியாவுல கடைசி கேஸ் 1975 மே மாசம். 1980ல உலகத்துலயே இல்லன்னு அறிவிச்சாங்க. அப்பாயிகிட்ட சொன்னேன், "இனிமே பெரியம்மையே வராது அப்பாயி." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அப்படின்னா ஆத்தாளுக்கு இனிமே கூழு சந்தோஷத்துல ஊத்தலாம்"னாங்க. டிஜே சத்தம் எனக்கும் புடிக்காது, காது அடைக்குது. ஆனா அந்தக் கூட்டத்துல தோள் மேல ஒக்காந்து பாக்குற புள்ளைங்கள எண்ணிப் பாருங்க, எல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

கேள்வி: ஓட்டைக் காலணான்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு என்ன மதிப்பு? (நெத்திமேடு வாசகர்)

பதில்: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, ஆக ரூபாய்ல 64ல ஒண்ணு. யுத்த காலத்துல செம்பு பத்தாம 1943ல இருந்து நடுவுல ஓட்டை போட்டு அடிச்சாங்க. 1957 ஏப்ரல் 1ல நயா பைசா வந்து எல்லாக் கணக்கும் நூறாச்சு, சந்தையில கெழவிங்க ரொம்ப நாள் சண்டை போட்டாங்க. ஆனாலும் நாலணா எட்டணாங்கற பேரு மட்டும் சாகல, 2011ல 25 காசு செல்லாதுன்னு அறிவிக்கற வரைக்கும் அதை நாலணான்னுதான சொன்னோம்? எங்க வீட்டுல ஓட்டைக் காலணா கடைசியா ஆணிக்கு வாஷரா வேல செஞ்சுது.

கேள்வி: மேட்டூர் டேம்ல தண்ணி கொறைஞ்சா நந்தி தெரியுதுன்னு ரீல்ஸ் வருது. அது எப்ப மூழ்கின கோயில்? (மேச்சேரி வாசகி)

பதில்: 1925ல வேலைய ஆரம்பிச்சு 1934ல அணைய முடிச்சாங்க. அதுக்காக பல ஊருங்க காலி பண்ணிப் போச்சு. பண்ணவாடி பக்கம் இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு சர்ச் கோபுரமும் தண்ணி எறங்கினா தலைய நீட்டும். என் மாமியாரோட அம்மா அந்தப் பக்கத்து ஊரு. "காவேரி வூட்டுக்குள்ள வருமாம், கெளம்புங்க"ன்னு தண்டோரா போட்டப்ப யாரும் நம்பலையாம், ஆறு எப்படி மேட்டுக்கு ஏறும்னு சிரிச்சாங்களாம். ஆட்டுக்கல்லத் தூக்க முடியல, அப்படியே விட்டுட்டு வந்தோம்னு சாகற வரைக்கும் அந்த ஆட்டுக்கல்லப் பத்திதான் பேச்சு. வீடு போனது நெலம் போனது அப்புறம்தான்.

அதே அணையில 1937ல கரண்டு எடுத்தாங்க. எங்க தெருவுக்கு அது வந்து சேர 20 வருஷம் ஆச்சு, வந்த மொத நாள் ராத்திரி தாத்தா பல்ப அணைக்க விடலையாம், காசு கொடுத்தது எரியட்டும்னு. நந்தி கூட செல்ஃபி எடுங்க, தப்பில்ல, ஆனா நந்தி முழுசா வெளிய வந்துச்சுன்னா கீழ தஞ்சாவூர்க்காரங்க வயித்துல ஈரத்துணின்னு அர்த்தம்.

கேள்வி: ஏற்காடு ரோட்டுல அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் நிக்குதே, உள்ள என்ன இருந்துச்சு? (கல்லூரி மாணவர், ஹஸ்தம்பட்டி)

பதில்: ஒரு ஊரே இருந்துச்சு தம்பி. டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச ஸ்டூடியோ, மலையாளத்தோட முதல் பேசும் படமே 1938ல இங்கிருந்துதான் போச்சு, தமிழோட முதல் முழுநீளக் கலர் படம் 1956ல இங்கதான். கலைஞர் எல்லாம் இங்க உக்காந்து வசனம் எழுதினாரு. ஊருக்குள்ளயே இவ்வளவு நடந்தும் எங்க அப்பாயி மொத மொதல்ல சினிமா பாத்தது 40 வயசு தாண்டி, அதுவும் சாமி படம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி. செருப்பக் கழட்டி வெளிய வச்சுட்டு உள்ள போனாங்களாம். திரும்பி வந்தா செருப்பு இல்ல.

கேள்வி: எங்க தெரு பேரு பாவடித் தெரு. பாவடின்னா என்னன்னு கேட்டா வீட்டுல யாருக்கும் தெரியல. (அம்மாப்பேட்டை வாசகி)

பதில்: அம்மாப்பேட்டைல இருந்துக்கிட்டா! தப்பு உன் மேல இல்ல கண்ணு, இப்ப அங்க பாவே இல்லயே.

பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடற நூலு. அதை அப்படியே தறில ஏத்த முடியாது, மொதல்ல நீட்டிக் கட்டணும், கஞ்சி போடணும், பிரஷ்ஷு வச்சு நீவி நீவிக் காய வைக்கணும், அறுந்த எழைய எல்லாம் புணைக்கணும். ஒரு பாவு நீட்டினா அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் தெருவே வேணும், அதுக்குன்னே விட்ட எடம்தான் பாவடி. வெயில் ஏறினா கஞ்சி சீக்கிரம் காஞ்சு நூல் முறுக்கிக்கும், அதனால விடியக் கருக்கல்லயே ஆரம்பிச்சிரணும், சங்கு ஊதறதுக்குள்ள பாதி வேல முடிஞ்சிருக்கும். ஒரு வீட்டு ஆளுங்க மட்டும் பண்ண முடியாது, 8 பேராவது வேணும், அதனால நேத்து ராத்திரி குழாயடில மயிரப் புடிச்சுச் சண்டை போட்டவங்களும் காலைல ஒரே பாவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நின்னு பேசாம கஞ்சி நீவுவாங்க. திடீர்னு மழைத் தூத்தல் போட்டா தெருவே ஓடி வரும், யாரு பாவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. பசங்களுக்கு வேல மாடும் நாயும் பாவுக்குள்ள பூந்துராம பாத்துக்கறது, நான் அந்த வேல பாத்திருக்கேன், ஒரு தடவ ஆடு பூந்துருச்சு, வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு.

1950கள் தொடக்கத்துல நூல் வெலை, தேக்கம்னு நெசவாளிங்க ஊர்லயெல்லாம் கஞ்சித் தொட்டி தொறந்த காலத்துலயும் பாவடி காலியா இருந்தா "இன்னைக்கு யார் வீட்டுலயும் அடுப்பு எரியாது"ன்னு பெரியவங்க பாத்ததுமே சொல்லிருவாங்களாம், நூல் கஞ்சியும் வயித்துக் கஞ்சியும் ஒண்ணா நின்னு போன நாளுங்க. அப்புறம் விசைத்தறி வந்துச்சு, பாவும் மில்லுலயே கஞ்சி போட்டு உருளைல சுத்தி ஆட்டோவுல வந்து எறங்குது. குழித்தறிய மூடி மேல டைல்ஸ் போட்டுட்டாங்க, எங்க வீட்டுலயும் அந்தக் குழி மேலதான் இப்ப டிவி ஸ்டாண்டு.

பாவடில இப்ப கார் நிக்குது. வரிசையா, அந்தத் தலைல இருந்து இந்தத் தலை வரைக்கும். ராத்திரி 9 மணிக்கு மேல எடம் கெடைக்காது, அதனால தெருவுல தினம் பஞ்சாயத்து, போன வாரம் ஒரு வீட்டுக்காரங்க தன் வாசல் முன்னாடி யாரும் நிறுத்தக் கூடாதுன்னு ஒரு பிளாஸ்டிக் சேரு போட்டு, அதுல கல்ல வச்சு எடம் புடிச்சு வச்சுட்டாங்க, அதுக்கு ஒரு பெரிய சத்தம். சேரு பச்சைக் கலரு, ஒரு கால் லேசா ஒடஞ்சிருக்கும், நீ அந்தப் பக்கம் போனா பாரு. எங்க வீட்டு சேருதான்.